கத்தியும் சிறு ரிவோல்வரும்: மலையகத்தில் தற்காப்புப் பயிற்சி என்றால் எதைக் கற்பது?

மரக்கறி வியாபாரி, ஹட்டன்

வணக்கம். நான் ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மரக்கறி சேர்த்து நகரக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறேன். மாலையில் கடைகளில் பணத்தை வசூலித்துக்கொண்டு, பிரதான வீதியில் முச்சக்கர வண்டியை விட்டு இறங்கி, தேயிலை மலைக்குள் ஒற்றையடிப் பாதையால் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, நடந்து போகிறேன். அண்மைக் காலத்தில் எங்கள் பக்கத்தில் இருவரை வழிமறித்து, கத்தியைக் காட்டிப் பணத்தைப் பறித்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு முன்கையில் ஆழமான வெட்டு விழுந்தது. அன்றிலிருந்து நான் வீடு வந்து சேரும்வரை என் மனைவி வாசலிலேயே நிற்கிறாள்.

என் மைத்துனர் அமெரிக்கப் பயிற்சிக் காணொளிகள் சிலவற்றை அனுப்பிவைத்தார். மடக்குக் கத்தியையும் சட்டைப்பைக்குள் அடங்கும் ஐந்து ரவை ரிவோல்வரையும் எப்படி எடுப்பது, எப்படிப் பயன்படுத்துவது என்று அவற்றில் கற்பிக்கிறார்கள். இத்தகைய பயிற்சியை இங்கே முறையாகக் கற்க வழி உண்டா, ரிவோல்வருக்கு அனுமதிப்பத்திரம் கிடைக்குமா, கிடைக்காதென்றால் கத்தியையாவது பழகி வைத்திருப்பது பயன் தருமா என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். வீரம் காட்டும் எண்ணம் எனக்கில்லை. உயிரோடும் முழு உடம்போடும் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

சட்டத்தரணி, பதுளை

அனுமதிப்பத்திரக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். இலங்கையில் துப்பாக்கிகளை ஆள்வது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். 1996 இல் அதைத் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். பயிர்ப் பாதுகாப்புக்கான வேட்டைத் துவக்கு மாவட்டச் செயலகத்தின் வழியாக வருவது. ரிவோல்வர், பிஸ்டல் போன்ற தற்பாதுகாப்பு ஆயுதங்களைப் பாதுகாப்பு அமைச்சே கையாள்கிறது. உயிருக்கு அச்சுறுத்தல் உண்டென்பதை அமைச்சு ஏற்றுக்கொள்ளும்படி நிறுவ வேண்டும், பிறகு அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். ஏற்கெனவே வழங்கப்பட்டிருந்த தற்பாதுகாப்புத் துப்பாக்கிகளைக்கூட மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு 2024 இன் இறுதியில் அமைச்சு அறிவித்தது. மாலை வசூலைக் காரணம் காட்டி ஒரு மரக்கறி வியாபாரி ரிவோல்வர் அனுமதி பெறுவார் என்று நான் நம்பவில்லை. அனுமதியில்லாத துவக்கு ஒன்றை யாராவது விற்க முன்வந்தால், அவர் உங்களுக்கு விற்பது பல ஆண்டுச் சிறைவாசத்தை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இனி, பலர் பிழையாக விளங்கிக்கொண்டிருக்கும் ஒரு விடயம். தற்காப்பு உரிமை நம் சட்டத்தில் இல்லை என்று தோட்டப்புறத்தில் அடிக்கடி சொல்வார்கள். அந்த உரிமை இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள் அதற்காகவே உள்ளன. மரணம் அல்லது கொடுங்காயம் நேரும் என்ற நியாயமான அச்சம் எழும்போது, தாக்குபவரின் உயிர் போகும் அளவுக்கும் அந்த உரிமை நீளலாம் என்று 93 ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் 92 ஆம் பிரிவு இரண்டு வேலிகளைப் போட்டிருக்கிறது. அதிகாரிகளின் பாதுகாப்பை நாடுவதற்கு நேரம் இருந்தால் உரிமை இல்லை, தற்காப்புக்குத் தேவையானதைவிடக் கூடுதலான தீங்கைச் செய்யவும் உரிமை இல்லை. இதற்கு மேல், சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105 ஆம் பிரிவின்படி, தற்காப்புக்காகவே செய்தேன் என்பதை எண்பிக்கும் பொறுப்பு அதைச் சொல்பவரின் தலையில் விழுகிறது. சாட்சி இல்லாத ஒற்றையடிப் பாதையில் நடந்ததை நீதிமன்றத்தில் எண்பிப்பது எவ்வளவு சிரமம் என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். பணத்தைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவனின் முதுகில் விழும் வெட்டைத் தற்காப்பு என்று வாதிடுவது இன்னும் சிரமம்.

பண்டாரவளையான், டெக்சாஸ்

நான் பிறந்தது பண்டாரவளை, இப்போது இருப்பது டெக்சாஸ். இங்கே 2021 செப்டெம்பர் முதல், தகுதியுள்ள வயது வந்தவர் அனுமதிப்பத்திரம் இல்லாமலே கைத்துப்பாக்கி கொண்டு நடக்கலாம். நான் பயிற்சிக் களத்துக்குப் போகிறவன், சிறு ரிவோல்வரையும் சுட்டுப் பழகியவன். ஆகையால் அந்தக் காணொளிகள் காட்டாமல் விடுவதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று எண்ணுகிறேன்.

சிறியது என்பதால் சுடுவதற்கு எளியது என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் 1950 இல் கொண்டுவந்த ஐந்து ரவைச் சிறு ரிவோல்வரின் வழியில் வந்தவைதான் இன்றும் மிகுதியாக விற்பனையாகின்றன. குழலின் நீளம் இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. இலேசான உலோகக் கலவையில் செய்த 642 போன்ற மாதிரிகளின் எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. அதன் விசையை முழுதாக இழுக்க ஏறத்தாழ 5 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் தேவை. துப்பாக்கியின் எடையைப் போலப் பத்து மடங்குக்கும் கூடிய விசையை ஒரே ஒரு விரலால் கொடுக்கும்போது குழல்முனை கீழே சாய்கிறது, அல்லது பக்கமாக இழுபடுகிறது. குறிகாட்டி என்று இருப்பதும் முனையில் ஒரு சிறு மேடும் பின்னால் ஒரு பள்ளமும் மட்டுமே. இரண்டுக்கும் இடைத்தூரம் குறைவாக இருப்பதால், கண்ணுக்குத் தெரியாத சிறு பிசகு ஏழு மீற்றர் தூரத்தில் பெரிய விலகலாகிவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு அந்தத் தூரத்திலேயே இலக்குத் தாள் தப்பிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். பின்னுதைப்போ உள்ளங்கையை எரியவைக்கும், அதனால் பலர் ஒரு பெட்டி ரவையைச் சுட்டு முடிப்பதற்குள் போதும் என்று எழுந்துவிடுகிறார்கள்.

அதனால்தான் இங்குள்ள நல்ல பயிற்சியாளர்கள் ரவையே இல்லாமல் பல வாரங்கள் பழக்குகிறார்கள். வெறும் துப்பாக்கியில் போலி ரவைகளைப் போட்டு, குழலின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாதபடி விசையை இழுத்து முடிக்கச் சொல்வார்கள். செய்து பார்த்தால் முதல் நாளில் நாணயம் விழுந்துகொண்டே இருக்கும். இந்தப் பழக்கம் தளர்ந்தால் கையின் திறமையும் தளர்ந்துவிடும். வாங்கி அலுமாரியில் பூட்டிவைத்த ரிவோல்வர் எவருக்கும் தற்காப்பாகாது. அமெரிக்கா முழுவதும் கற்பிக்கப்படும் பாதுகாப்பு விதிகளும் உண்டு. எல்லாத் துப்பாக்கியும் ரவை நிரம்பியதே என்று கருது, அழிக்க விரும்பாத எதன் மீதும் முனையைத் திருப்பாதே, குறி அமையும்வரை விரலை விசைக்கு வெளியே வை, இலக்கையும் அதன் பின்னால் இருப்பதையும் அறிந்துகொள் என்பவை அவை. இந்தக் கடைசி விதியை நினைக்கும்போதெல்லாம் என் மனத்தில் வருவது நாங்கள் வளர்ந்த லயம்தான். தகரமும் பலகையும் ரவையைத் தடுக்கா. அறைக்கு அறை ஒரு குடும்பம் படுத்திருக்கும் இடத்தில் குறி தப்பிய ஒரு ரவை எங்கே போய் நிற்கும்?

நானுஓயா இளைஞன்

மூத்தவர்கள் எல்லோரும் வேண்டாம் என்பதையே சொல்கிறீர்கள். கத்தியோடு ஒருவன் எதிரில் நிற்கும்போது சட்டப் பிரிவையா வாசித்துக் காட்ட முடியும்? துவக்குக்கு முன்னால் கத்தி எம்மாத்திரம்? வசதியுள்ளவர்கள் மெய்ப்பாதுகாவலர்களோடு போகிறார்கள். தோட்டத்துப் பிள்ளை மட்டும் வெறுங்கையோடு நடக்க வேண்டுமா?

பண்டாரவளையான், டெக்சாஸ்

தம்பி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் துவக்கின் முன் கத்தி ஒன்றுமில்லை என்ற கணக்கு மட்டும் சரியில்லை. சோல்ட் லேக் சிற்றியில் பயிற்சியளித்த டெனிஸ் டூலர் என்ற பொலிஸ் அதிகாரி 1983 இல் ஒரு கட்டுரை எழுதினார். கத்தியோடு ஒருவன் ஓடிவந்தால் 21 அடியை, அதாவது ஏறத்தாழ 6.4 மீற்றரை, எவ்வளவு நேரத்தில் கடப்பான் என்று அவர் அளந்து பார்த்தார். விடை ஏறக்குறைய ஒன்றரை விநாடி. உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துக் குறிபார்த்துச் சுடுவதற்குப் பயிற்சி பெற்ற பொலிஸ்காரருக்கும் அவ்வளவு நேரம் பிடித்தது. 21 அடிக்குள் வந்தவனைச் சுடலாம் என்ற விதியாகப் பலர் அதைத் திரித்துச் சொல்கிறார்கள். அந்தக் கட்டுரையின் நோக்கம் ஆபத்து எவ்வளவு தூரத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பதைப் பொலிஸாருக்கு உணர்த்துவதாகும். சட்டைப்பைக்குள்ளிருந்து எடுப்பதற்கு உறையிலிருந்து எடுப்பதைவிட நேரம் கூடும். நானுஓயாவின் மழையில், சட்டைக்கு மேல் ஸ்வெட்டரும் அதற்கு மேல் மழையங்கியும் போட்டிருக்கும் ஒருவர் எடுத்துப் பார்த்தால் தெரியும். வழிப்பறிக்காரன் ஆறு மீற்றருக்கு அப்பால் நின்றுகொண்டு அறிவிப்புச் செய்யவும் மாட்டான். நேரம் கேட்கும் சாக்கில் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த பிறகுதான் கத்தியை எடுப்பான்.

ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை, பொகவந்தலாவை

தம்பியின் கேள்வியைக் கோபமாக மட்டும் பார்க்காதீர்கள், அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1940 இல் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டவர்கள் மீது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். 1977, 1981, 1983 என்று தமிழருக்கு எதிராக அடுத்தடுத்து வந்த வன்செயல்களில் எத்தனையோ லயங்கள் எரிந்தன. துவக்கு எப்போதும் எதிர்ப் பக்கத்திலேயே இருந்தது என்ற நினைவு எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பிள்ளைகள் ஆயுதம் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனாலும் அந்த இரவுகளில் எங்கள் பகுதியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இளைஞர்கள் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு முறை வைத்துக் காவல் நின்றார்கள், உண்மைதான். அதோடு, பாதையில் வெளியாட்களைக் கண்டவுடன் ஒருவர் தப்புப் பறை அடிக்க, அடுத்த லயத்தில் அதைக் கேட்டு இன்னொருவர் அடிக்க, பெண்களும் பிள்ளைகளும் மலைக்கு மேல் ஏறிவிடுவார்கள். முன்னதாகக் கிடைத்த அந்தச் சில நிமிடங்களால்தான் பலர் பிழைத்தார்கள். இன்று அதே பாதையில் மின்விளக்கு எரியாவிட்டால் எவரும் கேட்பதில்லை. வசூல் பணத்தோடு வரும் ஒருவரைப் பிரதான வீதிவரை போய்க் கூட்டிவர நான்கு பேர் சேர்வதில்லை. கட்டுத்துவக்கைப் பற்றியும் ஒரு சொல். காட்டுப்பன்றிக்கென்று கள்ளத்தனமாகக் கட்டிவைத்த துவக்கில் சிக்கிக் கால் இழந்த மனிதர்களை இந்த மலைநாடு கண்டிருக்கிறது. அனுமதியில்லாத துவக்கு இங்கே யாரைச் சுட்டிருக்கிறது என்று தம்பி யோசித்துப் பார்க்கட்டும்.

சிலம்ப வாத்தியார், லிந்துலை

இப்போதுதான் இழையைப் பார்த்தேன். நான் சிலம்பமும் குத்துவரிசையும் கற்பிக்கிறவன். கத்திப் பயிற்சியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வகுப்புக்குக் கத்தி பழக வருகிற இளைஞர்களுக்கு முதலில் கத்தியைக் கொடுப்பதில்லை. இருவரைப் பழைய வெள்ளை பனியன் அணிந்து வரச் சொல்வேன். ஒருவர் கையில் தேய்ந்த றப்பர்ச் செருப்பிலிருந்து வெட்டியெடுத்த கத்தி அளவுத் துண்டைக் கொடுத்து, அதன் ஓரத்தில் சிவப்புச் சோக்கை ஈரப்படுத்திப் பூசிவிடுவேன். மற்றவர் வெறுங்கையோடு அந்தக் கத்தியைப் பறிக்க வேண்டும், நேரம் பத்து விநாடி. கைத்தாளம் கேட்டதும் பாய்வார்கள். முடிந்த பிறகு எல்லோரையும் அருகில் அழைத்து அந்தப் பனியனைப் பார்க்கச் சொல்வேன். கத்தியைப் பறித்துவிட்டதாக மகிழ்ந்துகொண்டிருப்பவரின் முன்கையின் உட்புறத்தில், மணிக்கட்டுக்கு மேல், மூன்று நான்கு கோடுகள் இருக்கும். விலாவில் சில புள்ளிகள் இருக்கும், அவை குத்துகள். கழுத்தோரத்தில் ஒரு கோடு இருந்தால் வகுப்பு அமைதியாகிவிடும். எப்போது பட்டது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பறித்தவரின் கையிலும் சோக்கு ஒட்டியிருக்கும், ஏனென்றால் அவர் பிடித்தது கூர்ப்பக்கத்தை.

காணொளிகளில் தாக்குபவர் ஒரே ஒரு முறை நீட்டிக் குத்திவிட்டுக் கையை அப்படியே நிறுத்தி வைத்திருப்பார், பயிற்சியாளர் அழகாக மணிக்கட்டை முறுக்குவார். தெருவில் அப்படி நடப்பதில்லை. கண்காணிப்புக் கமராக்களில் பதிவான தாக்குதல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு கையால் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மறு கையால் தையல் மெஷின் ஊசி இறங்குவதுபோல் அடுத்தடுத்துக் குத்துகிறார்கள். பிலிப்பீன்ஸின் எஸ்கிரிமா உலகிலேயே விரிவான கத்திக் கலைகளில் ஒன்று. அதிலும் தடியோடுதான் நெடுங்காலம் பழக்குகிறார்கள், வெட்டுப் படாமல் தப்பலாம் என்று நேர்மையான ஆசான் எவரும் வாக்குக் கொடுப்பதில்லை.

ஆகவே நான் கற்பிப்பது இவ்வளவுதான். தெரியாத ஒருவர் நெருங்கினால் இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால், உள்ளங்கை உட்பக்கம் இருக்க, உயர்த்திக்கொண்டே பின்வாங்குவது. குரலை உயர்த்துவது. கேட்கும் பொருளைத் தொலைவாக, ஒரு பக்கமாக எறிந்துவிட்டு மறுபக்கம் விலகுவது. தடுக்க வேண்டியே வந்தால் முன்கையின் வெளிப்புற எலும்பைக் கொடுப்பது, ஏனெனில் பெரிய இரத்த நாளங்களும் விரலை மடக்கும் நரம்புகளும் உட்புறத்திலேயே அதிகம். கையில் எதையாவது வைத்திருக்க வேண்டுமென்றால் குடையை வைத்திருங்கள். மலையகத்தில் குடை இல்லாமல் வெளியே போகிறவர் யார்? நீண்ட பிடியுள்ள குடையை இரு கைகளாலும் பிடித்து, முனையை எதிரியின் மார்புக்கு நேராக வைத்துக்கொண்டு பின்வாங்கினால், கத்தி எட்டாத தூரம் நம் பக்கம் நிற்கிறது. சிலம்பத்தின் அடிப்படையே அந்தத் தூரந்தான்.

மரக்கறி வியாபாரி, ஹட்டன்

வாத்தியார் ஐயா எழுதியதை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். ஒரே ஒரு சந்தேகம். பயன்படுத்தும் எண்ணமில்லாமல், காட்டிப் பயமுறுத்துவதற்கு மட்டும் இடுப்பில் ஒரு கத்தி வைத்திருந்தால் என்ன?

சட்டத்தரணி, பதுளை

தோட்டத்தில் வேலைக்குக் கொண்டுபோகும் கவ்வாத்துக் கத்திக்கும் புல்வெட்டும் கத்திக்கும் காரணம் சொல்ல முடியும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்குமாறு பொலிஸார் கேட்டபோதுகூட, அன்றாட வேலைக்கான கத்திகளை விலக்கியே சொன்னார்கள். இரவில் இடுப்பில் செருகியிருக்கும் கத்திக்கு நீங்கள் என்ன காரணம் சொல்வீர்கள்? சோதனைச் சாவடியில் அதற்குப் பதில் சொல்வதே பெரும்பாடு. கைகலப்பு நடந்துவிட்டால், ஆயுதத்தோடு ஆயத்தமாகத்தான் போனார் என்று எதிர்த்தரப்பு வாதிடும். காட்டுவதற்கு மட்டும் எடுத்த கத்தியை எதிரி பார்த்துவிட்டு ஓடாமல் நின்றால் அடுத்து என்ன செய்வீர்கள் என்பதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

இராகலை ஆசிரியை

இவ்வளவு பேர் எழுதியும், எல்லோரும் பாதையில் எதிர்ப்படும் அந்நியனைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். என்னிடம் வந்து அழுத தாய்மாரில் பலரைக் கத்தியால் மிரட்டியவர்கள் வழிப்பறிக்காரர்களில்லை. கசிப்பு என்னும் கள்ளச்சாராயம் அருந்திவிட்டு வந்த கணவன்மார், காணித் தகராறில் வந்த உறவினர், பக்கத்து அறைக்காரர், இவர்கள்தான். தற்காப்பு என்று சொல்லி வீட்டுக்குள் கொண்டுவரும் கத்தியும் துவக்கும் எந்தக் கைக்குப் போகும் என்று ஆண்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அவற்றைப் பூட்டி வைக்க இடமேது?

எங்கள் பெண்பிள்ளைகளுக்கும் தற்காப்பு வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. டியூஷன் முடிந்து இருட்டில் வரும் பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது, மணிக்கட்டை ஒருவன் பிடித்தால் அவனுடைய பெருவிரல் பக்கமாக இழுத்து விடுவித்துக்கொள்ளும் முறையும், மரியாதை பாராமல் சத்தம் போடலாம் என்ற துணிவும். பிடிப்பவன் மாமா முறையானவனாக இருந்தாலும் சத்தம் போடலாம் என்று வீட்டில் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா? வீட்டுக்குள் அடிபடும் பெண்ணுக்கு 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். 1938 என்ற எண்ணுக்கு அழைத்து உதவி கேட்கலாம். இவற்றை அறிந்திருப்பதும் தற்காப்புப் பயிற்சியில் சேர வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

சிலம்ப வாத்தியார், லிந்துலை

ஆசிரியை அம்மா சொன்னதை மறுப்பின்றி ஏற்றுக்கொள்கிறேன். பெண்பிள்ளைகளின் வகுப்பில் கத்தியை முற்றாக ஒதுக்கி வைத்துவிட்டுப் பிடிவிடுவிப்பிலும் குரலிலும் தொடங்குவதே முறை. சத்தம் போடும் பயிற்சிதான் எல்லாவற்றிலும் கடினமானது. பிள்ளைகள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வார்கள். மற்றவர்களோடு சேர்ந்து கத்தவைத்து, பிறகு தனியாகக் கத்தவைத்தால்தான் தொண்டை திறக்கும்.

நானுஓயா இளைஞன்

வாத்தியார் ஐயா, பின்வாங்கு, விலகு, ஓடு என்கிறீர்கள். எங்கள் பாதையின் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் சரிவு. எங்கே ஓடுவது?

சிலம்ப வாத்தியார், லிந்துலை

இதைத்தான் எதிர்பார்த்தேன் தம்பி, மிக நல்ல கேள்வி. சமதரையில் எடுத்த காணொளி இதற்குப் பதில் தராது. பகலில் உங்கள் பாதையை ஒருமுறை இதற்காகவே நடந்து பாருங்கள். கான், அதாவது வடிகால், எங்கே குறுக்கிடுகிறது, எந்த இடத்தில் கல் பெயர்ந்திருக்கிறது, கொழுந்து பறிப்பவர்கள் ஏறியிறங்கும் தடம் எங்கே பிரிகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். கவ்வாத்து வெட்டிப் பராமரிக்கும் தேயிலைச் செடி இடுப்பளவு உயரம், அகலமும் ஏறக்குறைய ஒரு மீற்றர் இருக்கும். அதன் நடுவே ஊடறுத்து எவராலும் பாய முடியாது, குறுக்கே கையை நீட்டினாலும் குட்டைக் கத்தி எட்டுவது கடினம். நிரைக்குள் இறங்கி, உங்களுக்கும் அவனுக்கும் இடையில் ஒரு செடியை வைத்துக்கொண்டால், அவன் சுற்றும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நகர்ந்துகொண்டே கூப்பிடலாம். இருட்டில் சரிவில் இறங்கி ஓடாதீர்கள், கானில் கால் முறிந்துவிடும். கூடியவரை மேட்டுப் பக்கத்தைப் பிடியுங்கள். மேலே நிற்பவருக்குக் குடையும் எட்டும், ஒரு கல்லும் உதவும்.

தாதி உத்தியோகத்தர், மஸ்கெலியா

வெட்டுக்காயங்களைப் பார்க்கும் இடத்தில் வேலை செய்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். கத்திப் பயிற்சி நடத்தும் எந்த வகுப்பிலும் இரத்தப்பெருக்கை நிறுத்தக் கற்பிக்காவிட்டால், அந்தப் பயிற்சியைப் பாதிப் பயிற்சி என்றே சொல்வேன். கை, கால்களின் பெரிய நாளம் அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம். எங்கள் வளைவுப் பாதைகளில் 1990 சுவசரிய அம்புலன்ஸ் எவ்வளவு விரைந்து வந்தாலும் அந்தச் சில நிமிடங்களில் பக்கத்தில் நிற்பவரின் கைதான் மருத்துவம் செய்கிறது.

கிடைக்கும் துணிகளில் சுத்தமானதை எடுத்து நேராகக் காயத்தின் மேல் வைத்து, உடல் எடை முழுவதையும் கொடுத்து அழுத்துங்கள். பார்ப்பதற்காக அடிக்கடி எடுக்காதீர்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். கை, கால்களில் ஆழமான காயமாக இருந்தால் துணியை உள்ளே திணித்து அழுத்த வேண்டும். கையிலோ காலிலோ பீறிடும் இரத்தம் இதற்கும் நிற்காவிட்டால், காயத்துக்கு ஐந்து முதல் ஏழு சென்ரிமீற்றர் மேலே, மூட்டைத் தவிர்த்து, அகலமான துணிப்பட்டியைக் கட்டி, முடிச்சுக்குள் உறுதியான குச்சி ஒன்றைச் செருகி, இரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். வலி கடுமையாக இருக்கும், அதற்காகத் தளர்த்தக் கூடாது. மெல்லிய கயிறோ கம்பியோ கட்டினால் சதையை அறுத்துவிடும். கட்டிய நேரத்தை நோயாளியின் நெற்றியிலோ கையிலோ எழுதிவிடுங்கள், வைத்தியருக்கு அது மிகவும் முக்கியம். குத்திய கத்தி உடம்பில் நின்றால் பிடுங்க வேண்டாம், அசையாமல் சுற்றித் துணி வைத்துக் கட்டி அப்படியே கொண்டுவாருங்கள். காயத்தில் தேயிலைத் தூளும் கோப்பித் தூளும் அப்பிக்கொண்டு வருகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதைக் கழுவி எடுப்பதற்குள் எங்களுக்கு நேரம் போய்விடுகிறது.

ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை, பொகவந்தலாவை

தாதி மகளுக்கு நன்றி. கோப்பித் தூள் அப்பும் வழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது, இனி இருக்காது.

மரக்கறி வியாபாரி, ஹட்டன்

எல்லோருக்கும் நன்றி. ரிவோல்வர் எண்ணத்தை விட்டுவிட்டேன், இடுப்புக் கத்தியையும்தான். கடைக்காரர்களோடு பேசியதில், பெரிய தொகையை வங்கிக் கணக்குக்கு அனுப்ப மூவர் ஒத்துக்கொண்டார்கள். மற்றவர்களிடம் வசூலைக் காலையில் வைத்துக்கொள்கிறேன். மாலையில் கையில் வருவது சில்லறைதான், அதைத் தனிப் பையில் போட்டு, கேட்டால் எறிந்துவிடுவதற்கு ஆயத்தமாக வைத்திருக்கிறேன். பாதை விளக்குக்கான கடிதத்தைத் தோட்ட அலுவலகத்துக்கும் பிரதேச சபைக்கும் எழுதிக்கொடுக்கச் சட்டத்தரணி ஐயா உதவுவாரா? எங்கள் லயத்திலிருந்து ஆறு பேர் வாத்தியார் ஐயாவின் வகுப்புக்கு வர விரும்புகிறார்கள், அவர்களில் இருவர் பெண்கள்.

சட்டத்தரணி, பதுளை

கடிதத்தை எழுதித் தருகிறேன். வழிப்பறி நடந்த இடங்களையும் நேரத்தையும், பாதிக்கப்பட்ட இருவரும் பொலிஸில் முறைப்பாடு செய்தார்களா என்பதையும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். செய்யாவிட்டால் முதலில் அதைச் செய்யவையுங்கள். முறைப்பாடு இல்லாத சம்பவத்தைக் காட்டி எவரிடமும் எதையும் கோர முடியாது.

சிலம்ப வாத்தியார், லிந்துலை

ஞாயிறு காலையில் வாருங்கள். தலைக்கு ஒரு பழைய வெள்ளை பனியன், ஒரு நீண்ட குடை, கட்டுப் பழகுவதற்கு நான்கு விரல் அகலத்தில் கிழித்த துணிப்பட்டி ஒன்று போதும். பெண்கள் இருவரும் அணிந்து பழகிய உடையிலேயே வரட்டும், அந்த உடையோடுதான் பாதையிலும் நடக்கப் போகிறார்கள். தாதி உத்தியோகத்தருக்கு விடுமுறை கிடைத்தால், துணி கட்டும் பகுதியை அவரே நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உண்மைக் கத்தி எதையும் எவரும் கொண்டுவர வேண்டாம்.